நான்கு பேர் மிஞ்சிய குழு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளிக்கூட வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவள் என்ற உரிமையில் இதைக் கேட்கிறேன்.

சென்ற ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் ஆசிரியர்களாகவே சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம். மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது. புதன்கிழமைதோறும் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்த வாரம் வகுப்பில் என்ன நடந்தது, நாங்கள் செய்ததில் எது சரி, எது பிசகு என்று பேசிப் பார்ப்பதாக ஏற்பாடு. முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தோம். தலைமையாசிரியரும் ஆர்வமாக வந்து உட்கார்ந்தார். இப்போது நவம்பர். போன வாரம் நாங்கள் நான்கு பேர்தான். இருவருக்குப் பேருந்து போய்விடுகிறது. சிலருக்கு எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளப் பதிவேற்றமும் வாக்காளர் பட்டியல் வேலையும். எங்களில் மூத்தவர், “இருபத்தெட்டு வருஷமா பாத்துட்டேன், இதனால என்ன பயன்?” என்று கேட்டுவிட்டு வராமல் நின்றுவிட்டார். வருபவர்களும் பெரும்பாலும் சம்பளம், மாறுதல், பெற்றோர் மீதான குறை என்றே பேசுகிறோம். ஒருமுறை மட்டும், பேசச் சொன்னால் வாய் ஓயாமல் பேசியும் எழுதச் சொன்னால் மூன்று வரியைத் தாண்டாத என் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி நான் சொன்னபோது, முக்கால் மணி நேரம் போனது தெரியாமல் எல்லோரும் பேசினார்கள். அதற்குப் பிறகு அப்படி அமையவில்லை.

வெளியிலிருந்து யாரையாவது பேச அழைக்கலாமா, சான்றிதழ் ஏதும் கிடைக்க வழி செய்யலாமா, வாட்ஸ்அப் குழு தொடங்கினால் ஆர்வம் கூடுமா என்றெல்லாம் யோசிக்கிறோம். தொடக்கத்தில் இருந்த வேகத்தை எப்படித் தக்கவைப்பது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் தவிர்க்கிறேன்.)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

பதினொரு பேர் நான்கு பேரானதை ஒரு சரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு நடுநிலைப் பள்ளியில், யாரும் கட்டாயப்படுத்தாமல், வீட்டுக்குப் போகிற நேரத்தில் நான்கு ஆசிரியர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள் என்றால் எனக்கு அது கணிசமான எண்ணிக்கையாகத்தான் தெரிகிறது. ஜூன் மாதத்துப் பதினொரு பேரில் பாதிப் பேர் உங்கள் முகத்துக்காகவும், தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்ததற்காகவும் வந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தை மீட்டுக்கொண்டு வருவதை இலக்காக வைத்துக்கொண்டால் நீங்கள் களைத்துப் போவீர்கள்.

உங்கள் கேள்விக்கான விடையை நீங்களே ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு, அது தற்செயலாக அமைந்தது போலக் கடந்து போயிருக்கிறீர்கள். அந்த ஏழாம் வகுப்புப் பையனைப் பற்றிப் பேசிய நாளன்று முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை என்கிறீர்கள். அன்று வந்தவர்களும் அதே களைத்த ஆசிரியர்கள்தான், அதே புதன்கிழமைதான், அதே பேருந்துதான். ஆனால் அன்று பேசுவதற்கு ஒரு பொருள் இருந்தது. மற்ற நாட்களில் “இந்த வாரம் எப்படிப் போச்சு?” என்ற கேள்வியோடு உட்கார்ந்திருப்பீர்கள், அந்தக் கேள்விக்கு எந்த ஊரிலும், எந்த அலுவலகத்திலும் குறைகள்தான் பதிலாக வரும். ஆர்வம் வற்றிவிட்டதாக நீங்கள் நினைக்கும் இடத்தில் பேசுபொருள் வற்றியிருக்கிறது என்றே நான் சொல்வேன். ஆர்வத்தை ஏற்பாடு செய்ய முடியாது, பேசுபொருளை முடியும்.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்த ஒரு மாலையைச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு ஆசிரியை ஒரு சிறுமியின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கழித்தல் கணக்குகள் பத்து, ஆறு தப்பு. முதலில் எங்கள் கண்ணில் பட்டது 402இல் 178 போக 376 என்று அவள் எழுதியிருந்தது. “கடன் வாங்கத் தெரியவில்லை, கவனமும் இல்லை” என்று ஒருவர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். அத்தோடு விட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அன்று கூட்டத்தை நடத்தும் முறை வந்திருந்த நண்பர், “தீர்ப்பு பிறகு சொல்லலாம், முதலில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்” என்று பிடிவாதம் பிடித்தார். ஒவ்வொருவராக நோட்டை வாங்கிப் பார்த்தோம். மேலே இருக்கும் இலக்கங்கள் எல்லாமே பெரிதாக இருந்த கணக்குகளில் விடை சரி. மேலே சிறியதும் கீழே பெரியதுமாக இருந்த இடத்தில் எல்லாம் கீழே இருந்த பெரியதிலிருந்து மேலே இருந்த சிறியதைக் கழித்திருக்கிறாள்: எட்டிலிருந்து இரண்டு போக ஆறு, ஏழிலிருந்து பூஜ்ஜியம் போக ஏழு. நூறுகளில் மேலே இருப்பதே பெரியது என்பதால் நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. ஆறு தப்புக் கணக்குகளிலும் அதே விதி, ஓர் இடத்தில்கூட அவள் விதி மாறவில்லை. கவனமில்லாத பிள்ளையால் அவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்ய முடியாது.

அப்புறம்தான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னார். “பெரிய நம்பர்லேருந்து சின்ன நம்பரைக் கழிக்கணும்னு சொல்லிக்கொடுக்கறதே நான்தான் சார்.” ஒன்றாம் வகுப்பில் அது பொருந்தும், அந்தச் சிறுமி அதை நான்காம் வகுப்பு வரை பத்திரமாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பொருத்தியிருக்கிறாள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் அவளிடம் நூறு, பத்து, ஒரு ரூபாய் என்று காகிதத்தில் வெட்டிய பணத்தைக் கொடுத்து, 402 ரூபாய் வைத்துக்கொண்டு 178 ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் பார்க்கச் சொல்வதென்று முடிவாயிற்று. இரண்டு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வதற்காகவே ஐந்து பேரும் வந்தோம். பிறந்தநாளுக்கு லீவு போட்டிருந்தவர்கூட மாலையில் வந்து உட்கார்ந்தார். (அவள் ஒரு நூறு ரூபாய்த் தாளைப் பத்து பத்துகளாக மாற்றித் தரும்படி தானாகவே கேட்டாள் என்பதுதான் செய்தி.)

நீங்கள் வேகம் என்று எதைச் சொல்கிறீர்களோ அது அந்த இரண்டு வார இடைவெளியில் இருக்கிறது. ஒரு கூட்டம் ஏதாவது ஒன்றைச் செய்து பார்ப்பதாக முடிய வேண்டும். அடுத்த கூட்டம் அது என்ன ஆயிற்று என்பதில் தொடங்க வேண்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும்: யாருடைய வேலையைப் பார்த்தோம், என்ன கண்டோம், யார் என்ன செய்து பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த முறை உட்கார்ந்தவுடன் அந்தப் பக்கத்தை வாய்விட்டு வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளைகளின் பெயரை எழுதாமல் உங்களுக்குள் புரிகிற மாதிரி ஓர் எழுத்தை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நோட்டு யாருடைய கையெழுத்துக்கும் போகக் கூடாது.

ஒரு பிள்ளையை நடுவில் வைத்துப் பேசுவது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1965இல் தொடங்கப்பட்ட ப்ராஸ்பெக்ட் பள்ளியில் பட்ரீஷியா கரீனியும் அவருடைய சகாக்களும் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பற்றி, தன்னை உறுத்துகிற ஒரு கேள்வியோடு வருவார். பிள்ளையின் உடல் இருப்பும் அசைவுகளும், சுபாவம், பிறரோடு பழகும் விதம், விரும்பி ஈடுபடுகிற காரியங்கள், சிந்திக்கும், கற்கும் முறை என ஐந்து கோணங்களில் விவரிப்பார். அவர் முடிக்கும் வரை குறுக்கே பேச்சு கிடையாது. பிறகு நடத்துபவர் கேட்டவற்றைத் தொகுத்துச் சொல்வார். மற்றவர்கள் முறைவைத்துக் கேள்வி கேட்பார்கள், யோசனை சொல்வார்கள். ‘மந்தம்’, ‘சேட்டை’, ‘கெட்டிக்காரி’ போன்ற முத்திரைச் சொற்களுக்கு அங்கே இடமில்லை. நம்முடைய பதிவேடுகளில் ‘மெல்லக் கற்போர்’ என்றொரு பத்தி இருக்கிறதல்லவா, அதில் ஒரு பெயரை எழுதிய உடனே அந்தப் பிள்ளையைப் பார்ப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

பிலடெல்பியா நகரத்துப் பொதுப்பள்ளி ஆசிரியர்கள் இதே முறையைக் கைக்கொண்டு 1978 முதல் வாராவாரம், வியாழக்கிழமை மாலைகளில், உறுப்பினர் ஒருவர் வீட்டில் கூடும் குழுவைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். எந்த அலுவலகமும் அவர்களைக் கூட்டவில்லை. ஒரு சிறுவனின் ஓவியத்தையோ ஒரு சிறுமியின் கட்டுரையையோ நடுவில் வைத்துக்கொண்டு அத்தனை வருடங்களை அவர்கள் கடந்தார்கள் என்பதை, சான்றிதழுக்கு வழி உண்டா என்று கேட்கிற உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். வட்டார வள மையத்திலும் குறுவள மையத்திலும் நடக்கும் பயிற்சிகளில் கருத்தாளர் பேசுகிறார், நாம் கேட்கிறோம்; அவற்றுக்கு வருகைப் பதிவும் சான்றும் உண்டு. அவற்றின் பயன் அவற்றுக்கு. ஆனால் புதன்கிழமையும் அப்படி ஆகிவிட்டால் அந்த நான்கு பேரும் வர வேண்டிய காரணம் இல்லை. வெளியாரை அழைப்பதையும் இந்த வருடத்துக்கு ஒத்திப்போடுங்கள். ஒரு நாள் உரை கேட்ட குழு அடுத்த வாரமும் யாராவது வந்து பேசுவார்களா என்று பார்த்திருக்கும்.

வாட்ஸ்அப் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் அதில் காலை வணக்கப் படங்களும் அரசாணைகளும் நிரம்பிவிடும்.

இனிச் சொல்லத் தயங்குவதைச் சொல்கிறேன். தலைமையாசிரியர் வந்து உட்காருவதை நல்ல அறிகுறியாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் உங்கள் பாடக்குறிப்பில் கையெழுத்திடுபவரின் முன்னால் “எனக்கு இந்தப் பாடம் சரியாக நடத்த வரவில்லை” என்று எந்த ஆசிரியரும் வாய் திறந்து சொல்வது கடினம். அதனால்தான் பேச்சு சம்பளத்துக்கும் மாறுதலுக்கும் போகிறதோ என்றுகூட எனக்குச் சந்தேகம். அவற்றில் யாரும் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

என் முதல் குழு செத்தது இந்த வழியில்தான். பள்ளியின் பெயர் வேண்டாம். ஐந்து மாதம் நன்றாக நடந்த பிறகு, மேலதிகாரி ஒருவர் கேள்விப்பட்டு மகிழ்ந்து, இதை மற்றப் பள்ளிகளுக்கும் முன்மாதிரியாகக் காட்டலாம் என்றார். அடுத்த கூட்டத்தில் ஒருவர் புகைப்படம் எடுத்தார். அதற்கடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் பதிவேடு வந்தது, அதற்கும் அடுத்ததில் ‘கூட்டப் பொருள்’ என்று தலைப்பிட்ட படிவம். எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் வெற்றிகளை மட்டும் சொன்னார்கள். யாரும் தடை செய்யாமலே அது முடிந்துபோனது. கடைசிக் கூட்டம் எது என்றுகூட எங்களுக்கு நினைவில்லை.

எனவே தலைமையாசிரியரிடம் இரண்டு உதவிகள் கேளுங்கள். ஒன்று, அவர் வராமலிருப்பது. இதை நேரடியாகச் சொல்ல முடியாதென்றால், மாதம் ஒருமுறை நீங்களே போய் அவரிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். இரண்டாவது, நேரம். பள்ளி விட்ட பிறகான ஒரு மணி நேரம் என்பது பெண்களிடமிருந்து எடுக்கப்படுகிற நேரம். பேருந்தும், பால்வாடியில் விட்ட குழந்தையும், அடுப்பும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் இருக்கின்றன. வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் பேச விடாதீர்கள். கால அட்டவணையில் உங்கள் நால்வருக்கும் ஒரே பாடவேளை ஓய்வாக அமையும்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றித்தர முடியுமா என்று கேளுங்கள். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வேளை பறிபோகும், உண்மை. நான்கில் ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும். அது முடியாதென்றால் நாற்பது நிமிடம் என்று குறைத்துக்கொண்டு, முடிக்கும் நேரத்தில் கறாராக இருங்கள். தொடங்கும் நேரம் ஐந்து நிமிடம் பிந்தினால் யாரும் குழுவை விட்டுப் போவதில்லை, முடியும் நேரம் பிந்தினால் போவார்கள்.

இந்த இடத்தில் ஜப்பானைச் சொல்ல வேண்டும். அங்கே ‘ஜுக்யோ கென்க்யூ’ என்ற பெயரில், பாட ஆய்வு எனலாம், நூறாண்டுக்கும் மேலான வழக்கம் ஒன்று இருக்கிறது. சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுவரோரம் நின்று, நடத்துகிறவரை விட்டுவிட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். முதல் பேச்சு, நடத்தியவருடையது. திட்டம் எல்லோருடையதுமாக இருப்பதால் குறை யார் தலையிலும் தனியாக விழுவதில்லை. சிகாசாகி நகரில் 1998இல் தொடங்கப்பட்ட ஹமனொகோ தொடக்கப் பள்ளி, கல்வியாளர் மனாபு சாத்தோவின் வழிகாட்டலில், ஒவ்வோர் ஆசிரியரும் வருடத்துக்கு ஒருமுறையாவது தன் வகுப்பைச் சக ஆசிரியர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டது. பாடம் நடத்தியதன் திறமையை எடைபோடுவதை விட்டு, பிள்ளைகள் எங்கே கற்றார்கள், எங்கே தடுக்கி நின்றார்கள் என்பதைப் பேசுவது அங்கே நடைமுறை. இவை எல்லாம் வேலை நேரத்துக்கு உள்ளே, வேலையின் பகுதியாகவே நடக்கின்றன. நம் ஊரில் இப்போதைக்கு அதை எதிர்பார்க்க முடியாது. ஒரு பாடவேளையையாவது கேட்டுப் பெறலாம்.

குறைப் பேச்சை முழுவதும் தடுக்க முயலாதீர்கள், மனிதர்களுக்கு அது தேவை. தேநீர் ஆறும் வரை பேசட்டும். நோட்டு மேசைக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். அதை நிறுத்துவது எப்போதும் நீங்களாக இருக்கக் கூடாது. நடத்துகிற பொறுப்பு ஒவ்வொரு முறையும் கைமாற வேண்டும். அடுத்த நான்கு கூட்டங்களுக்கு யார் நடத்துவார், யார் பிள்ளையின் வேலையைக் கொண்டுவருவார் என்று இன்றே எழுதிவிடுங்கள். ஒருவர் தோளில் நிற்கும் குழு, அவர் மே மாதக் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போகும்போது கூடவே போய்விடும். எங்கள் இரண்டாவது குழு நான் மாறுதலில் போன பிறகும் இரண்டு வருடம் நடந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும், என்னைத் தேடவே இல்லையே என்று கொஞ்சம் வருத்தமும் இருந்ததை மறைப்பானேன்.

காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நாட்களிலும் தேர்தல் வேலை வரும்போதும் கூட்டம் வேண்டாம். ஆனால் நிறுத்தும்போதே மறுபடி கூடும் தேதியைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தேதி சொல்லப்படாத இடைவெளியில் ஒவ்வொருவரும் மற்றவர் கூப்பிடட்டும் என்று காத்திருப்பார்கள்.

உங்கள் மூத்த ஆசிரியரைப் பற்றி. “இதனால என்ன பயன்?” என்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், செப்டம்பர், அக்டோபர் மாதக் கூட்டங்களைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை திட்டங்கள் புதுப் பெயரோடு வந்து, பதிவேட்டை நிரப்பிவிட்டுப் போனதைப் பார்த்திருப்பார். அவரைக் குழுவுக்கு வாருங்கள் என்று அழைக்காதீர்கள். ஒரு பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். எங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருந்தார். கூட்டம் என்றாலே சைக்கிளை எடுத்துவிடுவார். ஒருநாள் நாங்கள் பேசிக்கொண்டிருந்த பையனின் பெயரைக் கேட்டுவிட்டு வாசலில் நின்றபடியே, “இவன் அப்பனுக்கும் நான்தான் வாத்தியார். அவனும் இப்படித்தான், கரும்பலகையைப் பாக்க மாட்டான், காதாலயே படிப்பான்” என்றார். அந்தப் பையனைப் பற்றி நாங்கள் நான்கு பேர் அரை மணி நேரம் பேசியதைவிட அது பெரிய தகவல். நாற்காலியில் உட்காரும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாசல்படி வரை வருவது வழக்கமாயிற்று.

அடுத்த புதன்கிழமைக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அந்த ஏழாம் வகுப்புப் பையன் இந்த வருடம் எழுதிய எல்லாவற்றையும், மூன்று வரிக் கட்டுரை, விடைத்தாள், நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கியது உட்பட, கொண்டுவந்து மேசையில் பரப்புங்கள். அவன் பேசியதில் ஐந்து நிமிடத்தை, அவனுக்குத் தெரிந்தே, எழுத்தில் பிடித்து அதையும் பக்கத்தில் வையுங்கள். காரணம் சொல்வதற்கு முன், மூன்றாவது வரியில் அவன் எந்த இடத்தில், எந்தச் சொல்லில் நிறுத்துகிறான் என்பதை மட்டும் நால்வரும் சொல்லிப் பாருங்கள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். பெயரை மறைத்துவிட்டு, அந்த மூன்று வரிகளில் ஒன்றையாவது சேர்த்து அனுப்புங்கள், எனக்கும் பார்க்க வேண்டும்.